தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? சந்தேகம் முதல் மாஸ்க் வரை

அடுத்தவர் தூங்குவதை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பக்கத்து அறையில் படுத்திருப்பவரின் மூளை அலை, கண் அசைவு, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் என் முன்னால் திரையில் கோடுகளாக ஓடும். தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் நோய்தான் ஸ்லீப் ஆப்னியா. அது உள்ளவரின் திரையைப் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். மூக்குக் காற்றின் கோடு ஏறி இறங்கி வந்துகொண்டிருக்கும், சட்டென்று தட்டையாகிவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். அதுவும் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். உடம்பு மூச்சை இழுக்கப் பாடுபடுகிறது, காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூடப் போகும். கொஞ்சம் பிந்தி ஆக்சிஜன் கோடு சரியத் தொடங்கும். அப்புறம் ஒரு பெரிய உறுமல், உடம்பில் ஒரு உதறல், மூளை அலையில் சின்னதாக ஒரு விழிப்பு, மூச்சு திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து.

காலையில் ஒயர்களைக் கழற்றும்போது அதே ஆள், "நல்லாத்தான் தூங்கினேன்மா, எனக்கு எதுவும் இருக்காது" என்பார்.

அதனால் முதல் யோசனை இதுதான்: உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொண்டு பயனில்லை. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

சாட்சியிடம் கேட்க வேண்டியவை

குறட்டை விடுகிறேனா என்று மட்டும் கேட்காதீர்கள். குறட்டை விடும் எல்லோருக்கும் ஆப்னியா இல்லை. குறட்டை நடுவில் நின்றுபோகிறதா, நின்ற பிறகு திணறலோடோ உறுமலோடோ மறுபடி தொடங்குகிறதா, மல்லாந்து படுத்தால் மோசமாகிறதா என்று கேளுங்கள். ஒரு மனைவி என்னிடம் சொன்னார்: "சத்தம் இருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதிம்மா. சத்தம் நின்னாத்தான் எழுந்து பார்க்கிறேன்." எந்தக் கேள்வித்தாளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது. தனியாகப் படுப்பவர்கள் போனில் இரவு ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் போட்டுக் காட்ட அது போதும்.

பகலில் தெரியும் அடையாளங்களும் உண்டு. எட்டு மணி நேரம் படுத்தும் தீராத அசதி, உட்கார்ந்த இடத்தில் கண் செருகுவது, காலையில் தலைவலி, வாய் வறண்டு எழுவது, மறதி, எரிச்சல். இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவதும் இதில் சேரும். பலர் அதை வயசு, சர்க்கரை, புராஸ்டேட் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் சுவர் விரிகிறது. ரத்தம் கூடிவிட்டதாக நினைத்து இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீரகம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. சிகிச்சைக்காகக் காற்று ஊதும் மாஸ்க்கை மாட்டிய முதல் வாரத்தில் பலர் சந்தோஷமாகச் சொல்லும் மாற்றம், "ராத்திரி எழுந்திருக்கவே இல்லை" என்பதுதான்.

பெண்களுக்கு இது பெரும்பாலும் வேறு முகத்தோடு வருகிறது. தூக்கம் வரவில்லை, எப்போதும் சோர்வு, மனசு சரியில்லை என்று வருவார்கள். அவற்றுக்குத் தனித்தனியாக மாத்திரை கொடுக்கப்பட்டுக் காலம் ஓடியிருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. ஒல்லியான ஆளுக்கு வராது என்பதும் தவறு. தாடை பின்தள்ளி இருந்தாலோ, தொண்டை வழி பிறவியிலேயே குறுகலாக இருந்தாலோ உடம்பில் சதையே இல்லாதவருக்கும் வரும்.

மருத்துவர்கள் முதலில் எட்டுக் கேள்வி கொண்ட ஸ்டாப்-பேங் என்ற பட்டியலைப் பயன்படுத்துவார்கள்: குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், உடல் எடைக் குறியீடு 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ஆம் என்றால் யோசிக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. ஈரமான காகித உறிஞ்சுகுழலை வேகமாக இழுத்தால் எப்படி ஒட்டிக்கொள்கிறதோ, அப்படித்தான் தளர்ந்த தொண்டையும் மூச்சு இழுக்கும்போது ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு அடைப்புக்கும் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறிப்போய் உடம்பை எழுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் துள்ளுகின்றன. தீவிர நோய் உள்ளவருக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கிறது. இரவில் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய ரத்த அழுத்தம் இறங்குவதே இல்லை. மூன்று மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களில் கணிசமானவர்களுக்கு ஆப்னியா இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இரண்டாம் வகை நீரிழிவு எல்லாமே இந்த நோயோடு கைகோத்து வருகின்றன.

இத்தனைக்கும் நான் முதலில் கேட்பது, "வண்டி ஓட்டுகிறீர்களா?" என்றுதான். இதய நோய் வர வருஷக்கணக்காகும். ஸ்டியரிங்கில் கண் செருக ஒரு நொடி போதும், அதில் போவது நீங்கள் மட்டும் இல்லை. சிக்னலில் நிற்கும்போதே கண் மூடுகிறது என்றால், சிகிச்சை பலன் தரும் வரை ஓட்டாதீர்கள். இதில் சமாதானத்துக்கு இடமில்லை.

மதுவும் சில வகைத் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று நீங்களாக மாத்திரை போடுவது, மூச்சு திரும்புவதற்காக மூளை எழுப்பும் அந்தச் சின்ன விழிப்பையும் தாமதப்படுத்தும்.

பரிசோதனை இரவு

இரண்டு வழி உண்டு. வீட்டுக்கே ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்புவார்கள். மூக்குக் குழாய், நெஞ்சுப் பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் அவ்வளவுதான். நோய் இருக்கும் என்று வலுவான சந்தேகம் உள்ள, வேறு பெரிய நோயில்லாத ஆளுக்கு இது போதும். ஆனால் அது மூளை அலையைப் பார்ப்பதில்லை. நீங்கள் இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததையும் தூங்கியதாகவே கணக்கில் சேர்த்து, நோயைக் குறைத்துக் காட்டக்கூடும். வீட்டுப் பரிசோதனை "இல்லை" என்று வந்தும் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன என்றால், கூடத்தில் வந்து படுத்துப் பாருங்கள். ஸ்மார்ட் கைக்கடிகாரம் எச்சரிக்கை காட்டினால் மருத்துவரிடம் போக அது ஒரு காரணம். கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

கூடத்துக்கு வருகிறவர்கள் அன்று தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வாருங்கள். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு நிற்காது, நடுராத்திரியில் நான் வந்து உங்களை எழுப்ப வேண்டியிருக்கும். ஒரு விரலிலாவது நகப்பூச்சு இல்லாமல் இருக்கட்டும். பகல் தூக்கம் வேண்டாம். வழக்கமான மருந்துகளை மருத்துவர் வேறு சொல்லாத வரை நிறுத்த வேண்டாம். உங்கள் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்றால் அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், யாரும் சிரிக்க மாட்டோம்.

டேப்பால் தலையை அளந்து புள்ளி வைப்பேன். நறநறவென்று இருக்கும் ஒரு ஜெல்லால் அந்த இடங்களைத் தேய்த்து, கிண்ணம் போன்ற சின்ன எலக்ட்ரோடில் பசை வைத்து ஒட்டுவேன். கண்ணோரம், முகவாய், கால், நெஞ்சு என்று ஒயர்கள் போகும். எல்லாம் தலைமாட்டில் ஒரு பெட்டியில் சேரும். "இவ்வளவையும் மாட்டிக்கிட்டு எப்படிம்மா தூங்குறது?" என்று கேட்காத ஆளில்லை. தூங்கிவிடுவீர்கள். வழக்கத்தைவிட மோசமான தூக்கம்கூடக் கணக்கெடுக்கப் போதுமானது. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் குரல் கொடுங்கள், பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவேன்.

அறிக்கையில் எல்லோரும் பார்க்கும் எண் ஏ.எச்.ஐ. ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகச் சுருங்கியது என்பதன் சராசரி அது. பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கு. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரம். அந்த ஒரே எண்ணோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு கீழே போனது, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது, மல்லாந்து படுத்தபோது மட்டும் வந்ததா என்று கேளுங்கள். ஒரே ஏ.எச்.ஐ. உள்ள இரண்டு பேருக்கு ஆக்சிஜன் கோடு முற்றிலும் வேறாக இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சிலருக்குத் தொண்டை அடைப்பதில்லை, மூச்சு விடு என்ற உத்தரவையே மூளை அனுப்புவதில்லை. நெஞ்சுப் பட்டையின் கோடும் தட்டையாகிவிடும். இதய நோய் உள்ளவர்களிடமும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்களிடமும் இந்த வகை வரும். அதன் சிகிச்சை வேறு, அது சிறப்பு மருத்துவரின் கையில்.

மாஸ்க்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

மிதமான, தீவிர நோய்க்கு முதல் சிகிச்சை சிபாப் என்ற கருவி. அது ஆக்சிஜன் தரும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அறைக் காற்றைத்தான் அது லேசான அழுத்தத்தில் மூக்குக்குள் அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது. 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை வெளியிட்டார். வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை ஊதினார், மாஸ்க்கை இரவுதோறும் முகத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் தீவிர நோயாளிக்கு இருந்த வழி கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பது. இன்றைய மாஸ்க்கைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்களிடம் இதைச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

கருவியை எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்வார்கள், மாஸ்க்கை ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் பார்த்தவரை, சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் கருவியால் விட்டதில்லை, மாஸ்க்கால்தான் விட்டார்கள்.

மூன்று வகை இருக்கிறது. மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சின்ன மெத்தைகள், மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. அடைத்து வைத்த மாதிரி பயம் வருபவர்களும் மீசைக்காரர்களும் முதல் வகையில் தொடங்கலாம். வாயால்தான் மூச்சு விடுகிறேன் என்று நேராக மூன்றாவதுக்கு ஓடாதீர்கள். அது பெரிது, கசியும், சிலருக்குத் தாடையைப் பின்னுக்குத் தள்ளி அடைப்பையே கூட்டும். முதலில் மூக்கடைப்புக்கு வைத்தியம் பாருங்கள், மூக்கு திறந்தால் பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும்.

மாஸ்க்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்காதீர்கள். படுங்கள், கருவியை ஓட விடுங்கள், நீங்கள் வழக்கமாகப் படுக்கும் பக்கம் திரும்புங்கள். படுத்தால் முகத்தின் சதை நகர்ந்துவிடும். பட்டைகளைத் தளர்வாக மாட்டி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து விடுங்கள், மெத்தைக்குள் காற்று நிரம்பி அதுவாக உட்காரும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், கசிவு நின்ற இடத்தில் நிறுத்துங்கள். கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்கினால் மெத்தை நசுங்கி இன்னும் கசியும். காலையில் கன்னத்தில் வரி, மூக்குத் தண்டில் புண். புண் வந்தால் மாஸ்க் அளவு தவறு, அல்லது பட்டை இறுக்கம். முன்பக்கத் துளைகளில் வரும் உஸ் சத்தம் கசிவு இல்லை. நீங்கள் விட்ட மூச்சு வெளியேறும் வழி அது, அடைத்துவிடாதீர்கள்.

முதல் இரவே எட்டு மணி நேரம் போட வேண்டும் என்று உட்காராதீர்கள். பெரியவர் ஒருவர் மாஸ்க்கைக் கையில் எடுத்ததும் வியர்த்துப்போனார். "தூங்க வேண்டாங்க ஐயா, சும்மா மாட்டிக்கிட்டு உட்காருங்க" என்றேன். முதலில் குழாய் இணைக்காமல் மாஸ்க்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம் காற்றோடு. அப்புறம் பட்டையை மாட்டிக்கொண்டு டிவி பார்த்தார். வீட்டிலும் பகலில் இப்படியே பழகுங்கள், இரவுக்குள் மூளை அதை எதிரியாக நினைப்பதை விட்டிருக்கும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் ராம்ப் வசதி கருவியில் இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் தொடக்க அழுத்தம் உங்களுக்குக் குறைவாக இருக்கவும் வாய்ப்புண்டு, அதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

மூக்கு, வாய் காய்ந்தால் ஈரப்பதம் கொடுக்கும் தொட்டியை ஒரு படி கூட்டுங்கள். அதில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள், தினமும் மாற்றுங்கள். குழாயில் தண்ணீர் கட்டி முகத்தில் தெளித்தால் அறை குளிர், ஈரப்பதம் அதிகம் என்று பொருள். ஈரத்தைக் குறையுங்கள், அல்லது சூடாகும் குழாய் வாங்குங்கள். கருவி தலை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள், அழுத்தத்தை மறுபார்வை செய்யச் சொல்லுங்கள். தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருக்கிறீர்களா? யாருக்கும் நடப்பதுதான். விழித்ததும் திரும்ப மாட்டிக்கொண்டு படுங்கள். தினமும் நடந்தால் கசிவையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

மெத்தையைத் தினமும் காலையில் மிதமான சோப்பு நீரில் துடையுங்கள், முகத்து எண்ணெய்தான் கசிவுக்குப் பாதிக் காரணம். குழாயும் தொட்டியும் வாரம் ஒரு முறை. ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டிகள் எனக்குத் தேவையாகத் தெரியவில்லை, சோப்பு போதும்.

இன்றைய கருவிகள் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மாஸ்க் போட்ட பிறகும் மிஞ்சிய ஏ.எச்.ஐ. எவ்வளவு என்று பதிவு செய்கின்றன. மிச்ச எண் 5க்குக் கீழே இருக்க வேண்டும். இரவுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் போட வேண்டும் என்று ஒரு அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. அது காப்பீட்டுக் கணக்குக்கு உதவும், உடம்புக்கு அல்ல. கனவு காணும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், அப்போதுதான் தொண்டை மிகவும் தளர்கிறது. மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் அந்த நேரத்தை அப்படியே கோட்டை விடுகிறார். 2016இல் வெளியான சேவ் ஆய்வில் இதய அல்லது மூளை ரத்தக்குழாய் நோயும் ஆப்னியாவும் சேர்ந்த 2,700க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சிபாப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக மாஸ்க் போட்டது இரவுக்கு 3.3 மணி நேரம்தான். அதே ஆய்வில் பகல் தூக்கமும் மனநிலையும் நன்றாகின. எனவே இதயத்துக்கு உத்தரவாதம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பகல் தெளிவாகும் என்று தைரியமாகச் சொல்வேன்.

மாஸ்க் ஒத்துவராவிட்டால்

லேசான, மிதமான நோய்க்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் வாய்க் கருவி நல்ல மாற்று. கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கிறது. முதலில் தாடை வலிக்கும், நாளடைவில் கடி சற்று மாறலாம். அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பரிசோதனை செய்யுங்கள். குறட்டை நின்றது என்பதற்காக ஆப்னியா நின்றதாக ஆகாது.

மல்லாந்து படுத்தால் மட்டும் வருபவர்களுக்கு, புரண்டால் உணர்த்தும் பட்டை உதவும். எடை கூடியவர்கள் உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தால் ஏ.எச்.ஐ. சுமார் கால் பங்கு குறையும் என்று நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை இறங்கும் வரை மாஸ்க்கை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பதிக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2014 முதல் அனுமதி இருக்கிறது, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். தாடையை முன்னகர்த்தும் அறுவை சிகிச்சை பெரியது, பலனும் பெரியது. உள்நாக்கையும் அண்ணத்தையும் வெட்டும் அறுவை சிகிச்சையின் பலன் ஆளுக்கு ஆள் மாறும், யாராவது உடனே செய்யச் சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். தொண்டைப் பயிற்சிக்கு ஓரளவு பலன் உண்டு. 2006இல் வந்த ஒரு சின்ன ஆய்வில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீண்ட குழலை ஊதிப் பழகியவர்களுக்கு ஆப்னியா குறைந்தது. பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்களோ. மூக்கின் மேல் ஒட்டும் பட்டை சத்தத்தைக் குறைக்கும், ஆப்னியாவைக் குறைக்காது. வாயில் டேப் ஒட்டுவதைப் பரிசோதனை செய்யாத ஆள் முயல வேண்டாம்.

குழந்தைகளின் கதை வேறு. வாயைத் திறந்து தூங்குவது, வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, பகலில் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பது எல்லாம் அடையாளம். மணிக்கு ஒரு தடவை மூச்சு நிற்பதே குழந்தைக்கு அதிகம். பெரும்பாலும் டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வீக்கம்தான் காரணம். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் ஆப்னியா இருப்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் நேரில் சொல்லுங்கள், தாளில் எழுதியிருக்கும் என்று நம்பாதீர்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்தும், அதனால் கருவியையும் மாஸ்க்கையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விமானப் பயணத்தில் கருவி கைப்பையில்தான் வர வேண்டும், தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுத்து வையுங்கள். எடை நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ, பகல் தூக்கம் மறுபடி தலைகாட்டினாலோ, அழுத்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.